மூடியில் ஓர் ஓட்டை

மகளும் மருமகனும் வாழும் இந்தக் குளிர்நாட்டில், ஹேர்னிங் என்ற ஊரிலிருந்து இக்காஸ்ட் போகும் வழியில், புல்வெளியில் ஒரு சின்ன விமானம் உறுமுகிறது. மருமகன் காரை நிறுத்துகிறார். விமானத்தைத் தன் கையாலேயே கட்டிய, மருமகனுக்குத் தெரிந்த ஹென்ரிக், பழைய கார் எஞ்சின் ஒன்றை அதன் மூக்கில் பூட்டியிருக்கிறார். ஐந்து நிமிடம் ஓடி, இருமி, நின்றுவிடுகிறது. காலையிலிருந்து நாலாவது தரமாம். பின்னேரம் பரிசோதகர் வருகிறார். கால்மணி நேரம் நிற்காமல் ஓடாவிட்டால் பறக்க அனுமதி கிடையாது.

நான் இரண்டாம் வகுப்போடு நின்றவன். ஆனால் சாவகச்சேரி றோட்டில் வாடகைக் கார் ஓட்டிய காலத்தில், காரின் பெற்றோல் பம்ப் பழுதாகி, கூரையில் பெற்றோல் நிரப்பிய தகர டின்னைக் கட்டி, எஞ்சினுக்குக் குழாய் விட்டு ஓட்டியிருக்கிறேன். டின் மூடியை இறுக்கினால் கார் நின்றுவிடும். ஒருநாள் பின்சீட்டில் கல்யாணப் பொம்பிளை இருந்து அழுதாள். அது வேறு கதை.

இதிலும் பெற்றோல் தாங்கி மேலேதான் இருக்கிறது. மழைக்குப் பயந்து மூடிக்குப் புது ரப்பர் போட்டிருக்கிறார். நான் மூடியைத் திருகுகிறேன். உஸ்ஸென்று காற்று உள்ளே போகிறது.

"தம்பி, மூடியில ஓட்டை போடவேணும் எண்டு சொல்லும். காத்துப் போகாட்டி பெற்றோல் இறங்காது."

மருமகன் அவர்களின் பாஷையில் சொல்ல, ஹென்ரிக் துளைபோடும் மெஷினை என்னிடமே தருகிறார்.

பரிசோதகர் வந்து நிற்க, எஞ்சின் அரைமணி நேரம் ஓடுகிறது. அவர் கையெழுத்து வைத்துவிட்டுப் போகிறார்.

"ஹென்ரிக் முதல்ல தனியப் பறந்து பாத்திட்டு, அடுத்த கிழமை உங்களை ஏத்துறாராம், மாமா."

"ஏன் அடுத்த கிழமை? ஓட்டை போட்டது நான். இண்டைக்கே ஏறுறன் எண்டு சொல்லும்."

சொல்லிக்கொண்டே, புதுக் காரில் ஏறும் வழக்கப்படி சப்பாத்தைக் கழற்றுகிறேன்.