எட்டு ஆடும் ஒரு முதல் வகுப்பும்

கேள்வித்தாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீடு வீடாக ஏறி இறங்கிய புண்ணியவான்களே, நம் தொழிலில் கேட்கிறவன் பாவமா, பதில் சொல்கிறவர் பாவமா என்று இன்றுவரை யாரும் தீர்ப்புச் சொன்னதில்லை.

நாலும் ஒரே சட்டியில்

ஐம்பதுகளின் கடைசியில் சென்னையில் ஒரு கல்லூரி புதுசாக ஓர் எம்.ஏ. ஆரம்பித்தது. வரலாறு, பொருளாதாரம், சமூகவியல், இலக்கியம் நாலையும் ஒரே சட்டியில் போட்டு இங்கிலீஷில் கிளறிய படிப்பு. வேறெங்கும் இடம் கிடைக்காதவர்களாகப் பார்த்துச் சேர்ந்தோம். "நீ என்னதாண்டா படிக்கிறே?" என்று அப்பா கேட்கும்போதெல்லாம் எனக்குத் தண்ணீர் தாகம் எடுத்துவிடும்.

இரண்டாம் வருஷம் ஆளுக்கோர் ஊரை ஆராயச் சொன்னார்கள். எனக்கு ஜவ்வாது மலையில் முப்பது வீட்டுச் சிற்றூர். என்ன தொழில், எத்தனை ஏக்கர், எத்தனை ஆடு, எத்தனை பிள்ளைகள் என்று நாற்பது கேள்விகள், அத்தனையும் இங்கிலீஷில். "சார், அவங்களுக்கு இங்கிலீஷ் தெரியாதே" என்றேன். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு இங்கிலீஷிலேயே சொன்னார்: "அது அவர்கள் கஷ்டம். விடைகள் இங்கிலீஷில் வந்தாக வேண்டும்."

குடைக்காரர்

ஆலங்காயத்தில் பஸ்ஸை விட்டு இறங்கி, மலைவழி தெரிந்த ஆள் தேடினேன். கையில் குடையோடு கோவிந்தண்ணன் கிடைத்தார். ஐம்பது வயசு, மலையில் அவரைத் தெரியாத வீடே இல்லையாம். அடடா, நமக்கு யோகம்தான் என்று பூரித்துப்போனேன்.

முதல் வீட்டுக்காரர் கோவிந்தண்ணனைப் பார்த்துச் சிரித்தார். என்னையும் நோட்டையும் ஏற இறங்கப் பார்த்தார். ஆடு எத்தனை என்றால் "ஏதோ ரெண்டு கெடக்குது" என்றார். அதற்குமேல் அவருக்குப் பொறுமை இல்லை. "எங்க வூட்ல ரெண்டும் பசங்க. இங்க குந்திக்கினு இன்னா பண்ணப்போற? மேலாண்ட வூட்டுக்குப் போ."

முதல் வகுப்பு

மேற்கே இருந்த அந்த வீடு காளியம்மாளுடையது. கணவர் இல்லை, கல்யாண வயசில் ஒரே மகள், சடைச்சி. புதுப் பாய் விரித்து, சாமைச்சோறும் தேனும் வைத்து, நாற்பது கேள்விக்கும் மூச்சுவிடாமல் பதில் சொன்னாள் அந்த அம்மாள். ஆடு எட்டு என்றாள். பட்டியில் மூன்றுதான் நின்றன. "மீதி மேயப் போயிருக்குது சாமி, நீ எட்டுன்னே எழுதிக்க" என்றாள். எழுதிக்கொண்டேன்.

முப்பது வீட்டிலும் இதே கதை. பெண் இருக்கிற வீடெல்லாம் செழிப்பு, பையன்கள் மட்டும் இருக்கிற வீடெல்லாம் பஞ்சம். கணக்கைச் சென்னைக்கு அனுப்பினேன். பேராசிரியரிடமிருந்து கடிதம் பறந்து வந்தது: "மகள்கள் உள்ள குடும்பங்களே வளமானவை! நாலு துறைகளும் கைகுலுக்கும் கண்டுபிடிப்பு இது. உனக்கு முதல் வகுப்பு நிச்சயம்."

தேதி

விட்டுப்போன சில கேள்விகளுக்காக மறுபடி மலையேறினோம். காளியம்மாள் ஓடிவந்து, "மாப்ள வூட்டார் என்னிக்கு வர்றாங்க?" என்றாள். அப்போதுதான் எனக்கு விளங்கியது. நிலம், ஆடு, பிள்ளைகள் என்று ஒருவன் வரிசையாக விசாரித்தால் அங்கே அவன் பெண் கேட்டு வந்தவன்தான். அதுவும் கோவிந்தண்ணனோடு வந்தால் பேச்சே இல்லை, அவர் கல்யாணத் தரகர்! பெரிய இடத்துக்காக வந்திருக்கிறேன் என்று நம்பி, அடுத்த ஊரிலிருந்து தேடிவந்த நல்ல வரனை "அப்புறம் சொல்றோம்" என்று திருப்பி அனுப்பியிருக்கிறாள்.

அவமானத்தில் எனக்குக் காது சுட்டது. திட்டியிருந்தாலாவது தேவலை. அவள் மெதுவாகத்தான் கேட்டாள்: "எல்லாத்தியும் கேட்டியே சாமி, எதுக்குக் கேக்கறேன்னு மட்டும் ஏன் சொல்லல?"

விட்டுப்போன ஆள்

வாசலைத் தாண்டியதும் கோவிந்தண்ணன்மேல் பாய்ந்தேன். "நீங்க தரகர்னு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதாய்யா?" அவர் நிதானமாகக் குடையை விரித்தார். "உன் தாள்ல மொதோ கேள்வியே இன்னா தொழில்னுதான? ஊரெல்லாம் கேட்ட. என்னைக் கேட்டியா?"

மூணு ஆடு

மறுநாள் காலையே இருவரும் அந்த வரன் வீட்டுக்கு நடந்தோம். பையனின் அப்பா முகம் கொடுக்கவில்லை. "எங்கள நிக்கவெச்சவங்க சங்காத்தமே வேணாம்" என்றார். தப்பு முழுக்க என்னுடையது, அந்த அம்மாள் பேரில் ஒன்றுமில்லை என்று கும்பிட்டேன். "ஓ, நோட்டுல எழுதின ஆளு நீதானா? சொல்லு, அவங்களுக்கு ஆடு எத்தினி?" என்றார்.

நோட்டில் எட்டு. கோவிந்தண்ணன் குடை முனையால் என் முதுகில் குத்தினார், எட்டு என்று சொல்லச் சொல்லி. இன்னொரு பொய்யால் அந்தப் பெண்ணின் வாழ்க்கை கெட்டால் எனக்குத் தூக்கம் வருமா? "மூணு" என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே எட்டை அடித்துவிட்டு எழுதினேன். என் முதல் வகுப்பும் அந்தக் கோட்டோடு போயிற்று. நான் அடித்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் கடகடவென்று சிரித்தார். "கொறச்சிச் சொல்ற தரகன இன்னிக்குத்தான்யா பார்க்கறேன். வர்ற வெள்ளிக்கெழம வர்றோம்னு அந்தம்மாகிட்ட சொல்லு."

எல்லா எண்களையும் திருத்திக் கொடுத்ததற்கு நாலு துறைகளும் கூடி எனக்கு மூன்றாம் வகுப்பு தந்தன; சடைச்சி கல்யாணத்தில் காளியம்மாள் தரகருக்கென்று எடுத்த வேட்டியை என் கையில் கொடுத்துவிட்டதால் கோவிந்தண்ணன் அதற்கப்புறம் என்னோடு பேசவே இல்லை.