ராகு காலக் கையெழுத்து

கம்ப்யூட்டர் கடையில் நின்று காலம் தள்ளியவர்களே, உங்களுக்குத் தெரியும்: நம் தொழிலில் பெட்டியை விற்பது சுலபம், உள்ளே ஓடும் புரோகிராம் யாருடையது என்று விளக்குவதற்குள்தான் உயிர் போய்விடும். தொண்ணூறுகளின் கடைசியில் மலேசியாவில், மலாக்கா டவுனில் குணா அண்ணன் கடையில் இருந்தேன். இண்டர்நெட்டில் இலவசமாகக் கிடைத்த ஒரு மண்டப புக்கிங் புரோகிராமை அவர் இறக்கினார், நான் அதன் மெனுவைத் தமிழாக்கினேன். "இது விக்கலன்னா உனக்கு இங்க வேலை இல்ல தங்கச்சி" என்று சொல்லிவிட்டார்.

லைசென்ஸ் இருக்கா?

முதலில் வந்தவர் தஞ்சோங் கிளிங் பக்கத்துக் கோயில் தலைவர் மாரிமுத்து ஐயா, எஸ்டேட் லோரி ஓட்டி ஓய்வு பெற்றவர். கோயில் மண்டபத்துக்கு ஒரே நாளில் இரண்டு கல்யாணம் புக் ஆகி, இரண்டு மாப்பிள்ளைகள் ஒரே மேடையில் ஏறப் பார்த்த பிறகுதான் அவருக்குக் கம்ப்யூட்டர் ஞாபகம் வந்தது. புரோகிராமைத் திறந்ததும் ஆங்கிலத்தில் நீளமாக ஏதோ வந்தது. "இது லைசென்ஸ் ஐயா" என்றேன். சட்டைப் பையிலிருந்து தன் லைசென்ஸை எடுத்துத் திரைக்கு நேரே பிடித்தார்.

"லோரி லைசென்ஸே இருக்குலா, இந்தச் சின்னப் பெட்டிய ஓட்ட விடமாட்டாங்களா?"

உத்தரவாதம்

பொறுமையாக விளக்கினேன். யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், காப்பி கொடுக்கலாம். ஆனால் இன்னொருவருக்குக் கொடுக்கும்போது புரோகிராமுக்குள் எழுதியிருக்கும் மூல நிரலையும் இதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். கடைசி வரி, எந்த உத்தரவாதமும் கிடையாது. கூட வந்திருந்த கோயில் செயலாளர் ராஜம்மா அக்கா முகம் சுளித்தார்.

"கல்யாணத் தரகர்கூட இதைவிட ரெண்டு வார்த்தை நல்லதா சொல்லுவாரு."

பன்னிரண்டரை மணி

அந்த உரிமையெல்லாம் குணா அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. 'யாருக்கும் காப்பி தரக்கூடாது' என்று தானே ஓர் ஒப்பந்தம் அடித்தார். "அண்ணே, லைசென்ஸ்படி அப்படிப் போட முடியாதே" என்றேன். "அதுல நான் கையெழுத்துப் போட்டேனா? அப்புறம் அது எப்படி என்னைக் கட்டும்?" என்றார். தலைவர் புரோகிராமை வாங்கி, அந்த ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டார்.

ஒரு மாதம்கூட ஆகவில்லை. சுங்கை ரம்பாய் கோயிலிலும் கோலா சுங்கை பாரு மாதா கோயில் மண்டபத்திலும் என் தமிழ் மெனு ஓடிக்கொண்டிருந்தது. குணா அண்ணன் தலைவருக்கு போன் போட்டுக் கத்தினார். மறுமுனையில் தலைவர் அசரவே இல்லை.

"புதன்கிழமை பன்னெண்டரைக்குப் போட்டேன் தம்பி. ராகு காலத்துல போட்ட கையெழுத்து செல்லாதுலா!"

வக்கீல் அம்மா

அண்ணன் என்னையும் இழுத்துக்கொண்டு வக்கீல் ஸ்டெல்லாவிடம் ஓடினார். அவர் ஒப்பந்தம், லைசென்ஸ் இரண்டு தாள்களையும் படித்தார். "கோர்ட்டுல ராகு காலம் கிடையாது, கையெழுத்து செல்லும்." அண்ணன் முகம் மலர்ந்தது. "ஆனா அடுத்தவங்க எழுதினத விக்க உங்களுக்கு யாரு அனுமதி கொடுத்தா?"

"அந்த லைசென்ஸ்தான். ஆனா நான் அதுல கையெழுத்தே போடலையே!"

வக்கீல் அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "போட வேணாம். அதை ஏத்துக்கிட்டா காப்பி எடுக்கிறவரைத் தடுக்க முடியாது. ஏத்துக்கலன்னா நீங்க விக்கவே முடியாது."

"அப்ப அது ஒப்பந்தமா, வெறும் அனுமதியா?" என்று கேட்டேன்.

"அதுக்கு நாங்க வக்கீலுங்க சண்டை போட்டுக்கிறோம்மா. எதுவா இருந்தாலும் மாட்டுறது உங்க அண்ணன்தான்."

நல்ல நேரம்

சும்மா கிடைப்பதை இனி யார் காசு கொடுத்து வாங்குவார்கள்? வேலை போனது என்றே முடிவு கட்டினேன். மறுவாரம் கடை போன் ஓயவில்லை. காப்பி வாங்கிய மண்டபங்களில் ஒருவருக்கும் புரோகிராமை ஓட்டத் தெரியவில்லை. வந்து சொல்லிக்கொடுக்கும்படி எல்லாரும் என் பெயரைச் சொல்லிக் கேட்டார்கள். வேலை வந்து குவிவதைப் பார்த்த அண்ணனும் என்னை நிறுத்தும் பேச்சை எடுக்கவில்லை. பெயரைக் கொடுத்தது யார் என்று எனக்குப் புரிந்தது. அழுகையே வந்துவிட்டது. தலைவருக்கு போன் போட்டு நன்றி சொன்னேன்.

"புரோகிராமத்தான் சும்மா கொடுத்தேன் தங்கச்சி, உன்னையுமா சும்மா கொடுப்பேன்? கூலி கேட்டு வாங்கு, ஆனா ராகு காலத்துல கிளம்பிடாத."

கையெழுத்துப் போட்ட ஒப்பந்தம் என் வேலையைக் காப்பாற்றவில்லை, யாருமே கையெழுத்துப் போடாத லைசென்ஸால் அது பிழைத்தது, இதில் சட்டம் எது, ராகு எது என்று இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.