மாப்பிள்ளை வாட்ச்சின் உள்பக்கம்

வாட்ச் எங்கள் வீட்டுக்கு வந்தது ஞாயிற்றுக்கிழமை மதியம். அப்பா அதைப் பிரித்தது திங்கட்கிழமை சாயங்காலம். அக்காவின் நிச்சயம் புதன்கிழமை காலை, வைகாசி வளர்பிறையில், ஒன்பதிலிருந்து பத்தரைக்குள். இதில் நடுவிலுள்ள திங்கட்கிழமை மட்டும் யாருக்கும் தெரியக் கூடாது என்று ஏற்பாடு. தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் அப்பா, இன்னொருத்தி ஆறாம் வகுப்புப் பரீட்சை எழுதி முடித்திருந்த நான்.

நிச்சயத்தன்று பெண்வீட்டார் மாப்பிள்ளைக்கு வாட்ச் கட்டிவிட வேண்டும். ஜப்பானில் வேலையிலிருந்த மாமா ஊருக்கு வருகிறார் என்றதும் அப்பா அவருக்குப் போனில் சொன்னது இவ்வளவுதான்: “தங்கமெல்லாம் வேண்டாம் மச்சான். ஃபினிஷிங் பாத்து வாங்கியா.” மாமாவும் அப்படியே பார்த்து வாங்கி வந்துவிட்டார். அது பேட்டரியில் ஓடும் குவார்ட்ஸ் என்பதை யாரும் ஒரு குறையாக நினைக்கவில்லை.

அப்பாவுக்குத் துடியலூரில் பட்டறை. பம்புகளுக்குள் போகும் எஃகு வளையங்களைக் கண்ணாடி போலத் தேய்த்துக் கொடுப்பது தொழில். தேய்த்த வளையத்தை ட்யூப்லைட்டுக்கு அடியில் சாய்த்துப் பிடிப்பார். அதில் தெரியும் வெளிச்சக் கோடு நேராக இருந்தால் பாஸ், துளி நெளிந்தாலும் ரிட்டன். வீட்டுக்கு வரும் எவர்சில்வர் குடத்துக்கும் இதே சோதனைதான். பேச்சுப் போட்டியில் நான் வாங்கி வந்த கேடயத்தையும் ஒருமுறை சாய்த்துப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் அலமாரியில் வைத்தார்.

வாட்ச் பாஸ் ஆனது மட்டுமில்லை. அப்பா அதைக் கையிலிருந்து கீழே வைக்கவே இல்லை. “முள்ளப் பாரு கண்ணு” என்று என்னைக் கூப்பிட்டார். முள் கன்னங்கரேலென்று இருந்தது. ஒரு மயிரிழை சாய்த்தார், பளீரென்று வெள்ளையாகிவிட்டது. கறுப்புக்கும் வெள்ளைக்கும் நடுவில் வேறு நிறமே வரவில்லை. “சாம்பல் தட்டுச்சுன்னா மேடு பள்ளம் இருக்குதுன்னு அர்த்தம். இதுல இல்ல” என்றார். அவர் குரல் கோயிலுக்குள் பேசுகிற குரலாக இருந்தது.

வெளியே இப்படித் தேய்த்தவன் உள்ளே என்ன செய்திருப்பான்? பட்டறைக்காரரால் அந்தக் கேள்வியோடு இரண்டு நாள் இருக்க முடியவில்லை. பின்பக்கமோ ஒளி புகாத கெட்டி எஃகு மூடி. திங்கட்கிழமை ஆட்கள் போனதும், பட்டறையின் சோதனை அறைக் கதவைச் சாத்தி, மும்முனைச் சாவி ஒன்றால் மூடியைத் திருகிக் கழற்றினார். நான் செல்போன் டார்ச்சைப் பிடித்தேன். உள்ளே பொன்னிறத் தகடுகளில் நூல் பிடித்தாற்போல் வரிவரியாகக் கோடுகள். எள்ளைவிடச் சிறிய திருகாணித் தலைகளில் கூட டார்ச் வெளிச்சம் முழுதாகத் தெரிந்தது.

அப்பா குனிந்து ஒவ்வொரு கோடாகப் பார்த்து முடித்தார். பிறகு, “அம்மாகிட்டச் சொல்லிப்போடாதே. புது வாட்ச்சப் பிரிச்சேன்னு தெரிஞ்சா என்னையப் பிரிச்சுப்போடுவா” என்றபடி மூடினார்.

புதன்கிழமை மண்டபத்தில் வாட்ச்சைத் தட்டில் வைத்து நீட்டியபோது முதலில் கை நீட்டியவர் மாப்பிள்ளையின் பெரியப்பா. அன்னூரில் தோட்டமும் இரண்டு நூல் மில்லும் உள்ளவர். அவர் சொல் அந்த வீட்டில் எடுபடும். வாட்ச்சைக் காதில் வைத்தார். பெட்டியிலிருந்த சீட்டைப் படித்தார்.

“பேட்டரி வாட்ச்சுங்களா சம்பந்தி? எங்க ஊட்டுச் செவுத்துலயும் ஒண்ணு பேட்டரியிலதானுங்க ஓடுது. பின்னால பல்லி குடியிருக்குது.”

அவர்கள் பக்கம் சிரித்தார்கள். அம்மாவின் முகம் சுருங்கியது. அக்கா பட்டுப்புடவை மடிப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெண்வீட்டார் மலிவாக முடித்துவிட்டார்கள் என்று ஒரு பேச்சு கிளம்பினால், அக்கா காலெடுத்து வைக்கும் முன்பே அந்தப் பேச்சு அங்கே போய் நடுவீட்டில் உட்கார்ந்துகொள்ளும். இது எனக்கே தெரிந்திருந்தது.

பெரியப்பா தன் கையில் கட்டியிருந்த வாட்ச்சைக் கழற்றினார். “இது சுவிஸ்ஸுங்க. பேட்டரியும் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். கை ஆடுனாப் போதும், தானா ஓடும்.”

“பாக்கலாமுங்களா?” என்று கேட்ட அப்பா, சட்டைப் பையிலிருந்து கண்ணில் வைக்கும் லென்ஸை எடுத்தார். இரண்டு வாட்ச்சையும் மேடைப் பக்கத்து ட்யூப்லைட்டுக்கு அடியில் கொண்டுபோய்ச் சாய்த்தார். முன்பக்கத்தில் எங்களுடையதுதான் ஒரு படி மேல். அவருடைய முள்ளில் சாம்பல் தட்டியதை நானே பார்த்தேன். அப்பா அதைச் சொல்லவில்லை. சுவிஸ்ஸைத் திருப்பினார். பின்பக்கம் கண்ணாடி. உள்ளே ஒரு சிறு சக்கரம் முன்னும் பின்னும் துடித்துக்கொண்டிருந்தது. சுற்றியிருந்த தகடுகளின் விளிம்பெல்லாம் சாய்வாகச் சீவப்பட்டு மின்னின.

“அடேங்கப்பா” என்றார் அப்பா. “இந்த உள்மூலையப் பாருங்க. மிஷின் விட்டா மூலை உருண்டுதானுங்க திரும்பும். இது கூரா முடியுது. ஒருத்தர் உக்காந்து கையாலயே தேச்சிருக்கோணும். உள்வேலையில உங்களுது பெரிய சாமானுங்க.”

பெரியப்பா வருடக்கணக்காக அதைக் கட்டியிருந்தாலும் மூலையை இப்போதுதான் பார்க்கிறார் என்று தெரிந்தது. லென்ஸை வாங்கிப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். “அப்படிச் சொல்லுங்க! பேட்டரி வாட்ச்சுக்குள்ள என்னத்த இருக்கும்? ஒரு பிளாஸ்டிக்கு, ஒரு கம்பி.”

“இல்லீங்க!” என்று கத்தியது நான்தான். “எங்களுதுலயும் உள்ள கோடு கோடா இருக்குதுங்க. திருகாணியெல்லாம் கண்ணாடியாட்ட இருக்குது. நாந்தான் டார்ச் புடிச்சேன்!”

அம்மா அப்பாவைப் பார்த்தாள். மாமா மேற்கூரையைப் பார்த்தார்.

“பிரிச்சுப் பாத்துப்போட்டுத்தான் மாப்ளைக்குக் கட்டறீங்களாக்கும்?” என்றார் பெரியப்பா. இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

அப்பாவுக்குப் பொய் வராது. “ஆமாங்க” என்றார். அவர் காது சிவந்திருந்தது.

அதுவரை மேடையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை எழுந்து வந்தார். “ஏனுங்க மாமா, அந்த மூடி கழட்டுற சாவி இருக்குதுங்களா?”

அப்பா தயங்கியபடி இன்னொரு பையிலிருந்து மும்முனைச் சாவியை எடுத்தார். நிச்சயத்துக்கு அதை ஏன் கொண்டுவந்தீர்கள் என்று அம்மா அப்புறம் பலநாள் கேட்டாள்.

“ஏன்டா, நீயுமா?” என்றார் பெரியப்பா.

“உள்ள என்னத்த இருக்கும்னு நீங்கதானுங்களே பெரிப்பா கேட்டீங்க.”

“ஃபேன நிறுத்துங்க, தூசி உழுகும்” என்றார் அப்பா. நிறுத்தினார்கள். வைகாசி வெயிலில், இருநூறு பேர் இருந்த மண்டபத்தில் ஒரு ஃபேன்கூட ஓடவில்லை. “பத்தே காலாச்சுங்க” என்று நேரம் குறித்துக் கொடுத்தவர் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். பிறகு அவரும் எட்டிப் பார்க்க வந்துவிட்டார். மாப்பிள்ளை மூடியை அவசரப்படாமல் திருகி, விளிம்பை மட்டும் பிடித்து எடுத்து, உள்பக்கம் கீழே படாமல் வெற்றிலையின் மேல் வைத்தார்.

பெரியப்பா குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. நெற்றியில் வியர்வை திரண்டபோது, அது வாட்ச்சுக்குள் விழுந்துவிடுமோ என்று தலையை மட்டும் பின்னால் இழுத்துத் துடைத்துக்கொண்டு மறுபடி குனிந்தார்.

“இதப் போயி மூடியா வெச்சிருக்கறான்?”

“மூடித்தானுங்க வெச்சிருக்கறான்.”

“யாரு பாக்கறதுக்குங்க?”

பதிலுக்குப் பெரியப்பா காத்திருக்கவில்லை. தன் வாட்ச்சை அதன் பக்கத்தில் கவிழ்த்து வைத்தார். ஒன்றில் சக்கரம் துடித்தது. மற்றதில் பொன் வரிகள் அசையாமல் கிடந்தன. எது மேல் என்று யாரும் கேட்கவில்லை. வரிசை கட்டி வந்து லென்ஸில் பார்த்துவிட்டு நகர்ந்தார்கள். சமையல்காரர்கூடக் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார்.

நான் இரண்டாவது முறை பார்த்துவிட்டு அக்காவை இழுத்தேன். “மூடறதுக்குள்ள வந்து பாருக்கா!”

“நீ பாரு அம்மணி” என்றாள். தட்டுக்கு அந்தப் பக்கம், மூடிக்குக் காவலாக நின்ற மாப்பிள்ளையின் விரல்களில் இருந்தது அவள் பார்வை. அங்கிருந்து மெதுவாக அவர் முகத்துக்குப் போய், அங்கேயே நின்றுவிட்டது. லென்ஸை நீட்டியபடி நான் எவ்வளவு நேரம்தான் நிற்பது? பட்டறைக்காரர் வீட்டில் பிறந்தும், இப்படி ஒரு வேலைப்பாடு இரண்டு முழத்தில் திறந்து கிடக்கும்போது, இவள் வேறெதையோ பார்த்துக்கொண்டு நிற்கிறாளே என்று எனக்குக் கோபம் கோபமாக வந்தது.