இன்னும் ஒரு மணி நேரம்

விமான நிலையத்தில் யாராவது மைக்கைப் பிடித்து, "விமானம் இன்னும் ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், தடங்கலுக்கு வருந்துகிறோம்" என்று சொன்னால் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். பக்கத்தில் இருப்பவர்கள் அதை நம்பி வாட்சைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். நான் நம்ப மாட்டேன். அந்தப் பொய்யைச் சொல்லி இரண்டு வருடம் சம்பளம் வாங்கியவள் நான்.

எனக்கு ஊர் வில்லியனூருக்கு அந்தப் பக்கம், கரும்புக் கொல்லைகளுக்கு நடுவே ஒரு கிறிஸ்தவப் பங்குக் கிராமம். புதுச்சேரியில் கன்னியாஸ்திரிகளிடம் படித்ததால் இங்கிலீஷும் பிரெஞ்சும் வாய்க்கு வந்தது. அதை வைத்து எழுபதுகளில் மதராஸ் விமான நிலையத்தில் வேலை கிடைத்தது. விமானக் கம்பெனி வேலைகூட இல்லை. கம்பெனிக்காகக் கவுண்டர் நடத்திய ஒரு ஏஜென்சியில் விசாரணை, அறிவிப்பு இரண்டும் என் தலையில். ஊரில் என் அம்மா ஞாயிறு பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நின்று, மகள் ஏரோப்ளேனில் வேலை பார்க்கிறாள் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். ஏரோப்ளேனின் உள்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. எட்டு மணி நேரம் நிற்க வேண்டும், எங்களுக்கு நாற்காலி கிடையாது. நாற்காலி இருந்தது டியூட்டி ஆபீசருக்கு, கண்ணாடி அறைக்குள்ளே, மின்விசிறிக்குக் கீழே.

விமானம் தாமதமானால் ஜனங்கள் கண்ணாடிக்கு உள்ளே இருக்கிறவரைத் திட்ட மாட்டார்கள். வெளியே நிற்கிற எங்களைத் திட்டுவார்கள். படித்தவர்கள், டை கட்டியவர்கள், டிக்கெட்டைச் சுருட்டி என் முகத்தில் எறிந்திருக்கிறார்கள். என்னோடு நின்ற பெண் ஒருத்தி வாரத்துக்கு இரண்டு முறையாவது பாத்ரூமுக்குப் போய் அழுதுவிட்டு, மறுபடி பவுடர் போட்டுக்கொண்டு வந்து நிற்பாள். பயணிகளின் கோபத்தில் நியாயம் இருந்தது, அதுதான் கொடுமை. எங்களுக்கு உண்மை தெரியும், சொல்லக் கூடாது என்று உத்தரவு.

அது ஒரு மே மாதம், கத்திரி வெயில். காலை ஒன்பது மணிக்கு ஒருவர் கவுண்டருக்கு வந்தார். அறுபது வயது இருக்கும். சலவை வேட்டி, இஸ்திரி போட்ட சட்டை, புதிதாக மழித்த முகம். பம்பாய் விமானம் பத்தரைக்கு வந்துவிடுமா என்று கேட்டார். அவர் பேச்சைக் கேட்டதும் எனக்கு வாய் தவறிவிட்டது. "எந்த ஊரு பெரியப்பா உங்களுக்கு?" என்று கேட்டேன்.

"பூரணாங்குப்பம். நீ?"

"வில்லியனூரு பக்கம்."

"அட, நம்ம பொண்ணு!" என்றார். அந்த முகத்தில் வந்த சந்தோஷத்தை என்னால் மறக்க முடியவில்லை. சுற்றும் முற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "மவன் வர்றாம்மா. பிரான்சுல பட்டாளத்துல இருக்கான். அவங்கம்மாவுக்கு சீரியஸ்னு தந்தி குடுத்தோம். குடுக்கறப்ப நெசமாவே சீரியஸ்தான். நேத்து சாயங்காலம் பூட்டா."



எங்கள் பக்கத்தில் வழியில் வருகிறவனிடம் சாவைச் சொல்ல மாட்டார்கள். மாமனோ சித்தப்பனோ போய், இப்போது பரவாயில்லை என்று சொல்லிக் கூட்டிவருவார்கள். தெரு முனையில் மேளச் சத்தமோ கோயில் மணியோ கேட்டால்தான் வருகிறவனுக்கு விஷயம் தெரியும். அழைக்க வந்த மாமனின் முகத்தைப் பார்த்தே பாதிப் பேர் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பது வேறு விஷயம். ஆனால் செத்தவளின் புருஷனே வந்து நின்று நான் கேள்விப்பட்டதில்லை. அதைக் கேட்டேன்.

"அதுக்குத்தாம்மா நானே வந்தேன். மச்சான அனுப்பினா புரிஞ்சிப்பான். நான் வந்து நின்னா அம்மா பொழச்சிக்கினான்னு நெனப்பான். பொண்டாட்டி பொணத்தப் போட்டுட்டு எவன் வருவான் சொல்லு? பதினெட்டு வயசுல போன புள்ள. வூடு வந்து சேர்ற நாலு மணி நேரமாவது நிம்மதியா வரட்டும்." பிறகு கவுண்டர் மேல் சாய்ந்து கேட்டார். "மூஞ்சி அழுத மாரி தெரியுதா பாரு."

"தெரியல பெரியப்பா" என்றேன். கண் ஓரமெல்லாம் வீங்கியிருந்தது.

அடக்கம் மாலை நாலு மணிக்கு. மீன் ஏலம் நடக்கிற இடத்திலிருந்து ஐஸ் வாங்கி வந்து கட்டிலுக்கு அடியில் வைத்திருந்தார்களாம். பத்தரைக்கு விமானம் வந்தால் வாடகைக் காரில் மூன்று மணிக்குள் போய்விடலாம். எல்லாம் கணக்காகத்தான் செய்திருந்தார்.

பத்தேகாலுக்கு டெலிபிரிண்டரில் செய்தி வந்தது. பம்பாயில் எஞ்சின் கோளாறு, இன்று விமானம் கிளம்பாது, நாளைக் காலைதான். நான் அந்தத் தாளைக் கிழித்து எடுத்துக்கொண்டு மைக்கிடம் போனேன். ஆபீசர் கண்ணாடி அறையிலிருந்து ஓடி வந்து தாளைப் பிடுங்கினார்.

அதே விமானம்தான் இங்கிருந்து நூறு பேரை ஏற்றிக்கொண்டு பம்பாய் திரும்ப வேண்டும். அந்த நூறு பேரும் உள்ளே காத்திருந்தார்கள். "கேன்சல்னு சொன்னா அத்தனை பேருக்கும் சாப்பாடு, ஓட்டல் ரூம் நாமதான் குடுக்கணும்" என்றார் ஆபீசர். "ஒவ்வொரு மணி நேரமா தள்ளு. சாயங்காலத்துக்குள்ள பாதிப் பேர் வெறுத்துப்போய் ரயிலுக்குப் போயிடுவாங்க."

"சார், வெளியே ஒருத்தர் மகனுக்காகக் காத்திருக்கார். வீட்டுல சாவு. அவருக்கு மட்டுமாவது சொல்லிடறேன்."

"ஒருத்தருக்குச் சொன்னா ஊருக்கே சொன்ன மாதிரி. உனக்கு வேலை வேணுமா வேணாமா?"

வேண்டும் என்றேன். வாயால் சொல்லவில்லை, தலையை ஆட்டினேன். ஆபீசரைத் திட்டி இத்தனை வருடம் நான் தப்பித்துக்கொண்டு வந்திருக்கிறேன். அந்த ஆளும் யாருக்கோ பயந்தவர்தான். ஆனால் தலையை ஆட்டியது நான்.

"பம்பாய் விமானம் ஒரு மணி நேரம் தாமதம்" என்று தமிழிலும் இங்கிலீஷிலும் சொன்னேன். பதினொன்றரைக்கும் சொன்னேன். உள்ளே கூச்சல் எழுந்தது. காய்ச்சல் குழந்தையை வைத்திருந்த ஒரு பெண் பாலுக்கு அலைந்தாள். ஒருவர் என் சேலை முந்தானையைப் பிடித்து இழுத்து, உனக்கெல்லாம் வெட்கமில்லையா என்று கேட்டார். வெட்கமாகத்தான் இருந்தது. மறுபடி ஒரு மணி நேரம் என்று சொன்னேன்.

பன்னிரண்டு மணிக்குப் பூரணாங்குப்பத்துக்காரர் வந்தார். சட்டை வியர்வையில் நனைந்திருந்தது.

"பாப்பா, நீ நம்ம ஊரு பொண்ணு. நெசத்தச் சொல்லு. இப்பக் கெளம்புனா நாலு மணிக்கு அடக்கத்துக்குப் போயிடுவேன். நிக்கட்டுமா, கெளம்பட்டுமா?"

போங்கள் என்று ஒரு வார்த்தை. அதைச் சொல்ல மைக் வேண்டாம், உத்தரவு வேண்டாம். கண்ணாடி அறைக்குள்ளிருந்து ஆபீசர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னும் ஒரு மணி நேரத்துல வந்துடும் பெரியப்பா" என்றேன்.

அவர் தலையாட்டிவிட்டுப் போய், ஊர்த் தபாலாபீசுக்கு ட்ரங்கால் போட்டு, தான் வரும்வரை அடக்கத்தை நிறுத்தி வைக்கச் சொன்னார். திரும்பி வந்து, "சொல்லிட்டேம்மா. நீ சொன்ன தைரியத்துலதான்" என்றார். அதற்குப் பிறகு என்னிடம் வரவில்லை. நான் மைக்கில் சொல்லும்போதெல்லாம் தூணோரம் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு, மகன் வருகிற வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஐந்து மணிக்கு, உள்ளே பாதிப் பேர் போன பிறகு, விமானம் ரத்து என்று அறிவிக்கச் சொன்னார்கள். அறிவித்துவிட்டுத் தூணைப் பார்த்தேன். அவர் இல்லை.

அடுத்த வாரமே எனக்கு விடுமுறை வந்தது. ஊருக்குப் போகவில்லை. பயம். அதற்கடுத்த விடுமுறைக்கும் போகவில்லை. ஒன்றரை மாதம் கழித்துத்தான் பஸ் ஏறிப் பூரணாங்குப்பம் போனேன். வீட்டை விசாரித்தபோது கடைக்காரர் ஒருவர், "பொண்டாட்டி மொகத்தக் கடைசியா பாக்க முடியாமப் போச்சே, அவரு வூடா?" என்று கேட்டு வழி சொன்னார். ஐஸ் தாங்கவில்லையாம். ஐந்தரை மணி வரை பார்த்துவிட்டு, இனி வைக்க முடியாது என்று பங்குச் சாமியார் அடக்கம் செய்துவிட்டாராம். அவர் வந்து சேர்ந்தபோது கல்லறையில் மண் மூடியாகிவிட்டது.

அவர் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். தாடி வளர்ந்திருந்தது. என்னை அடையாளம் தெரிந்ததும் எழுந்து, உட்கார மணை எடுத்துப் போட்டார். நான் வாயைத் திறப்பதற்குள் அவரே பேச ஆரம்பித்தார். "நீ இன்னாம்மா பண்ணுவ, மிஷின் ரிப்பேருன்னா. ஒன் மேல எனக்கு வருத்தமே இல்ல. எல்லாம் எம் மவன் பண்ண வேல."

எனக்குப் புரியவில்லை.

"மறுநாளு வந்தான். லேட்டு ஏன்டான்னு கேட்டா, காத்தால பத்து மணிக்கே ப்ளேன் இல்லன்னு பம்பாய்ல சொல்லிட்டாங்க, ஓட்டல்ல ரூம் குடுத்தாங்க, படுத்துக்கினு இருந்தேங்கறான். பத்து மணிக்கே இல்லன்னா, எங்க ஊரு பொண்ணு மணிக்கொருதபா வருதுன்னு எதுக்குடா சொல்லப்போறா? வேற ப்ளேன் பாக்காம ஊர் சுத்திட்டு என்கிட்டயே பொய் சொல்றியாடான்னு கேட்டேன். நெசம்பா நெசம்பான்னான். கைய ஓங்கிட்டேன். ஆத்தாவக் கொண்டுபோயி வெச்ச எடத்தக்கூடக் காட்ட மாட்டேன்னுட்டேன். அன்னிக்கே பிரான்சுக்குத் திரும்பிப் பூட்டான்."

அவர் மகனை நம்பவில்லை. என்னை நம்பினார். என்னைத் திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

சொன்னேன். பத்தேகாலுக்கு வந்த தாள், ஆபீசர், நூறு பேர் சாப்பாடு, எல்லாம். "உங்க மகன் சொன்னதுதான் நெசம் பெரியப்பா. எனக்கும் காலையிலேயே தெரியும்."

அவர் கயிற்றைக் கீழே வைத்தார். "பன்னண்டு மணிக்கு நான் வந்து கேக்கறப்பவும் தெரியும்?"

"தெரியும்."

அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம். உள்ளே போனவர் வெளியே வரும்போது கையில் இரண்டு ஏர் மெயில் கடிதங்கள் இருந்தன. பிரிக்கவே இல்லை. மகன் கடிதங்களை எப்போதும் மனைவிதான் படித்துக் காட்டுவாராம். அவருக்குப் படிக்க வராது. ஒன்றை என் மடியில் எறிந்தார்.

"படி. நல்லா சத்தமா படி. மைக்குல சொன்னியே, அந்தக் கொரல்ல படி."

பிரித்தேன். முதல் வரி, "அப்பா, நான் பொய் சொல்லலப்பா" என்று இருந்தது. படித்தேன். அடுத்த வரிக்குப் போகப் பார்த்தபோது அவர் விடவில்லை.

"அதயே இன்னொரு தபா படி" என்றார்.