கவர் பிரிக்காத பொன்னாடை

பக்கத்து வீட்டு வாசலில் கிடந்த பனியை அள்ளிப் போட்டதற்கு எனக்கு விருது கொடுத்திருக்கிறார்கள். சிரிக்காதீர்கள். கனடாவில் நான் குடியிருக்கும் சிற்றூரில் அப்படியொரு வழக்கம். சான்றிதழ் உண்டு, மேயரோடு போட்டோ உண்டு. "உங்கள் நாட்டு உடையில் வாருங்கள், எல்லோரையும் சேர்த்துக்கொள்ளும் இன்க்ளூஷனுக்கு நன்றாக இருக்கும்" என்றார் ஏற்பாடு செய்த பெண்மணி. "வேட்டி குளிருக்கு ஆகாதே" என்றேன். "மிக அழகாக இருக்கும்" என்றார். பிப்ரவரியில் வேட்டி கட்டி, முன்வரிசை நடுவில் வெடவெடத்துக்கொண்டு நின்றேன். என்னைப் போலவே பனி அள்ளியவர்கள் கோட்டுப் போட்டுக்கொண்டு பின்னால் நின்றார்கள். பற்றிக்கொண்டு வந்தது எனக்கு. விருது பனிக்கா, வேட்டிக்கா?

அந்த எரிச்சல் ஆறுவதற்குள் மதுரையிலிருந்து சேகர் கூப்பிட்டான். கூடப் படித்தவன், தல்லாகுளத்தில் எங்கள் தெருக் குடியிருப்போர் சங்கத்தின் செயலாளர். "மாப்ள, நம்ம தெருவுக்குச் சேவை செஞ்சவுகளுக்கு மரியாதை பண்றோம். ஒரு பேரு சொல்லு." யோசிக்கவே இல்லை. "பாண்டியம்மா அக்கா" என்றேன். தெருக் கூட்டும் வேலை, வாய்க்கால் ஓரத்தில் வீடு. போன மழையில் சாக்கடை அடைத்துத் தெருவே மிதந்தபோது இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கி அடைப்பை எடுத்தவர் அவர். தனியாக இருக்கும் என் அம்மாவை முதுகில் சுமந்து வெளியே கொண்டுவந்தவரும் அவர்தான். "அருமை மாப்ள! அதானே சமத்துவம்!" என்றான் சேகர். அதை நம்பி லீவு போட்டுவிட்டு விமானம் ஏறினேன்.

மேடையில் பெரிய பிளக்ஸ், 'சமத்துவ விழா' என்று. சங்கத் தலைவர் ஒவ்வொருவராகக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார். கடல் கடந்தும் மண்ணை மறக்காதவர் என்று எனக்கும் ஒன்று. நான் என்னத்தைச் செய்தேன்? தெரு மிதந்த அன்று கனடாவில் ஹீட்டர் போட்டுத் தூங்கிக்கொண்டிருந்தேன். பாண்டியம்மா அக்கா பந்தலின் ஓரத்தில் தண்ணீர் கேன் பக்கம் நின்றார். அவர் பெயர் வரவே இல்லை. சேகரின் காதைக் கடித்தேன்.

"அது முடிஞ்சிருச்சு மாப்ள. பின்னாடி கூப்பிட்டுக் கையில குடுத்தாச்சு."

"மேடையில போர்த்துனா என்னடா?"

"போர்த்தணும்னா யாராச்சும் தொட்டுப் போர்த்தணும்ல? தலைவரு யோசிக்கிறாரு. விடு, பெருசாக்காத. நாளைக்கு அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகணும்ல, நான் காரோட வாரேன்."

அட, இதற்கா இம்புட்டுத் தூரம் வந்தேன்! எழுந்து மைக்கைப் பிடுங்கியிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. ஒரு வாரத்தில் நான் கிளம்பிவிடுவேன். அம்மா இந்தத் தெருவில்தான் இருந்தாக வேண்டும், ஆத்திர அவசரத்துக்குச் சேகரைத்தான் கூப்பிட வேண்டும். சரிகை பிடரியில் குத்த, வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். ஊருக்குத்தான் உபதேசம் என்பார்களே, அது நான்தான். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

கூட்டம் கலைந்ததும் அக்காவிடம் ஓடினேன். என் பொன்னாடையை எடுத்து அவருக்குப் போர்த்தப் போனேன். ஓர் எட்டுப் பின்னால் நகர்ந்துகொண்டார்.

"எல்லாரும் போனப்புறம் என்னத்துக்குத் தம்பி?"

தன் கையிலிருந்த பொன்னாடையைக் கவரோடு என்னிடம் நீட்டினார்.

"இதையும் நீங்களே கொண்டு போங்க. அங்கன எம்புட்டோ குளுருமாம்ல. அம்மாவை நான் பாத்துக்கிறேன்."

இப்போது இங்கே மறுபடியும் பனி, அங்கே மறுபடியும் மழை. இன்று காலை மண்வெட்டியோடு பக்கத்து வீட்டுக்குக் கிளம்பும்போது அம்மா போன் செய்தார். தெருவெல்லாம் தண்ணீராம்.

"சேகர் வந்தானாம்மா?"

"அவன் போனை எடுக்கலைப்பா. பாண்டியம்மாதான் வந்து மாடிக்குக் கூட்டியாந்து விட்டுச்சு. இந்தா, பேசு."

"தம்பி, நல்லா இருக்கீகளா?" பின்னால் மழை இரைந்தது. "அந்தச் சால்வை குளுருக்கு ஆகுதா?"

"ஆகுதுக்கா" என்றேன்.

அது அலமாரியில், விருதுச் சான்றிதழுக்குப் பக்கத்தில், கவர் பிரிக்காமல் இருக்கிறது.