கட்டில் படம் போட்ட பொத்தான்

லாரி ஓட்டுநர்கள் அவரைச் ‘சட்டம்’ என்றே அழைத்தார்கள். பெற்றோர் இட்ட பெயர் உரிமத்தில் மட்டும் எஞ்சியிருந்தது. அவர் தேநீர்க் கடைக்குள் நுழையும்போது, “நேரா உக்காருங்கப்பா, சட்டம் வருது” என்று எவராவது சொல்வார். அவர் சிரித்துக்கொண்டே நேராக உட்காருவார்.

இந்தப் பட்டத்தை அவருக்குப் பெற்றுத்தந்தது ஒரு பொத்தான். லாரியில் ஓட்டுநர் தம் அட்டையைச் செருகும் கருவி ஒன்று உண்டு. சக்கரம் சுழன்றால் வண்டி ஓடுகிறது என்பதை அது தானே அறிந்துகொள்ளும். வண்டி நின்றபின் மனிதன் என்ன செய்கிறான் என்பது அதற்குத் தெரியாது; ஓட்டுநர்தான் சொல்லவேண்டும். சுத்தியல் படத்தை அழுத்தினால் வேலை. கட்டில் படத்தை அழுத்தினால் ஓய்வு. ஒரு நாளில் இவ்வளவுதான் உழைக்கலாம், இடையே இவ்வளவு இளைப்பாறியே ஆகவேண்டும் என்று விதி இருந்தது. சரக்கு இறக்குவதும் அவ்விதியின்படி வேலையே. ஆனால் கிடங்குகளில் ஆள் கிடையாது. அதுவும் ஓட்டுநர் தலையில்தான் விழுந்தது. அதை வேலை என்று பதிந்தால், வண்டியைத் திருப்பிக் கொண்டுவர நேரம் மிஞ்சாது. ஆகவே எல்லோரும் கட்டிலை அழுத்திவிட்டுச் சரக்கை இறக்கினார்கள். ‘கட்டில் போட்டுட்டேன்’ என்பது அவர்கள் வழக்கு.

சட்டம் மட்டும் சுத்தியலை அழுத்தினார். நேரம் தீர்ந்த இடத்தில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு, உண்மையாகவே படுத்துக்கொண்டார்.

அவர் ஏஜென்சி ஓட்டுநர். கேட்கும் நிறுவனத்துக்கு அன்றன்று அனுப்பப்படுபவர். யாரை அனுப்புவது என்று தீர்மானித்தவன் அவருடைய மனைவியின் தம்பி. அவன் மாமாவைக் கடிந்து ஒரு சொல் பேசவில்லை, வேலையிலிருந்து நீக்கவுமில்லை. அழைக்காமல் இருந்தான். ஏஜென்சி வேலையில் அதுவே போதும். தொலைபேசி ஒலிக்காமல் வாரங்கள் கழிந்தன. மனைவி தம்பியின் அலுவலகத்துக்குப் போய், கடைநிலை ஊழியர்களோடு வெளியே காத்திருந்து, அவனிடம் பேசிவிட்டுத் திரும்பினாள்.

அடுப்பைப் பற்றவைத்துக்கொண்டே அவள் சொன்னாள்: “அவன் தப்பா ஒண்ணும் கேக்கலைங்க. ஊரோட ஒத்துப்போகச் சொல்றான்.”

அடுத்த வாரம் அழைப்பு வந்தது; அவரும் கட்டில் போட்டார். பழகியபின் விரல் தானே அங்கே போயிற்று. எதையும் ஒழுங்காகச் செய்பவர் இதையும் ஒழுங்காகவே செய்தார்: இறக்கத் தொடங்குமுன் அழுத்துவார், இறக்கி முடித்தபின்னரே மாற்றுவார். மற்றவர்கள் நடுவில் மறப்பார்கள், தாமதமாக அழுத்துவார்கள். அவர்களுடைய பதிவுகளில் பிசிறு தெரியும். சட்டத்தின் பொய்யில் பிசிறே இல்லை.

வண்ணப்பூச்சுக் கிடங்கு ஒன்றில் அவர் பீப்பாய்களை இறக்கியபோது, லாரியின் பின்புறத் தூக்குப்பலகை ஒருபக்கமாகச் சாய்ந்தது. பீப்பாய்கள் நிறைந்த தள்ளுவண்டி உருண்டுவந்து, அவருடைய இடது முழங்காலைச் சுவரோடு வைத்து நசுக்கியது. அந்நேரம் கருவியில் கட்டில் படம் ஒளிர்ந்துகொண்டிருந்தது.

மருத்துவமனையில் மைத்துனன் மருத்துவரைப் பார்த்துவிட்டு, பழப்பையோடு அறைக்குள் வந்தான். மாமாவின் தலையணையைச் சரிசெய்தான்.

“நாளைக்கு விசாரணை அதிகாரி வருவாரு மாமா. அந்த நேரத்துல நீங்க ஓய்வுல இருந்தீங்க.”

“ஓய்வுல எவனாவது பீப்பாய் தள்ளுவானா மாப்ள?”

“வேலைன்னு சொன்னா, அட்டையில பொய் பதிஞ்சது நீங்கன்னு ஆகும். விரல் உங்களுது. லைசென்ஸ் போயிடும், கேஸும் வரும். ஓய்வுன்னு சொன்னா நஷ்டஈடுதான் இல்ல, லைசென்ஸ் மிஞ்சும். கால் நல்லானதும் ஓட்டலாம்ல?”

“நீதானே அப்படிப் போடச் சொன்னே?”

“நான் எங்க சொன்னேன்? ஊரோட ஒத்துப்போங்கன்னேன். அக்காவையே கேளுங்க.”

அக்காள் அடுத்த பழத்தை உரிக்கத் தொடங்கினாள்.

மறுநாள் வந்த அதிகாரி மரியாதையானவர். விபத்தின்போது என்ன செய்துகொண்டிருந்தார் என்று வினவினார். ஓய்வில் இருந்ததாகச் சட்டம் கூறினார். ஓய்வில் இருந்தவர் பீப்பாய்களுக்கு அருகே ஏன் சென்றார் என்ற கேள்விக்கு, வேடிக்கை பார்க்க என்றார். சொல்லும்போது அவர் மனைவியைப் பார்க்கவில்லை. வாய்மொழியும் பதிவும் அணுவளவும் பிசகாமல் பொருந்தின.

அதிகாரி எழுந்துகொண்டே, “இவ்வளவு சுத்தமா அட்டை வச்சிருக்கிற டிரைவரை நான் பாத்ததே இல்லைங்க” என்றார். கதவருகே நின்ற மைத்துனன் பணிவோடு தலையசைத்தான்.

கட்டுப் பிரித்தபோது, முழங்கால் உலக்கைபோல விறைத்திருந்தது. லாரியில் கிளட்சை மிதிப்பது இடக்கால். எப்போது மடங்கும் என்று சட்டம் கேட்டார். மருத்துவர் வியப்போடு அவரைப் பார்த்தார்.

“இனிமே மடங்காதுன்னு உங்க மச்சினன்கிட்ட முதல் நாளே சொல்லிட்டேனே. அவர் சொல்லலையா?”

உரிமம் இன்றும் செல்லுபடியாகும், சட்டைப்பையிலேயே இருக்கிறது. சட்டம் சன்னலோரக் கட்டிலில் கால் நீட்டியபடி இருக்கிறார். கழிவறைக்குப் போகவும் மனைவியின் தோள் வேண்டும். ஏஜென்சியின் கணினி மட்டும் அவரை மறக்கவில்லை. நாள்தோறும் காலையில் தொலைபேசிக்கு ஒரே செய்தி வரும்: ‘தங்கள் ஓய்வு நேரம் நிறைவுற்றது. தாங்கள் பணிக்குத் தகுதியானவர்.’

ஒருநாள் மனைவி அதைப் படித்துவிட்டுத் தொலைபேசியைக் குப்புறக் கவிழ்த்தாள். தம்பியிடம் சொல்லிப் பட்டியலிலிருந்து பெயரை எடுக்கச் செய்வதாகச் சொன்னாள்.

சட்டம் கை நீட்டித் தொலைபேசியை வாங்கினார். அதைத் துடைத்து, முகம் மேலே தெரியுமாறு அருகில் வைத்துக்கொண்டார்.

“வேணாம்மா. பேரை எடுத்துட்டான்னா, அப்புறம் கூப்பிடவே மாட்டான்.”