சின்ன சீடி, பெரிய சீடி

இப்போது கம்ப்யூட்டரில் லினக்ஸ் போட ஒரு பென் டிரைவ் போதும். பதிவிறக்கும் பக்கத்தில் சின்னதா, முழுசா என்று கேட்கும். நான் யோசிக்காமல் முழுசைத்தான் எடுப்பேன். பத்து நிமிஷத்தில் வந்துவிடும். இந்தப் புத்தி எனக்கு வந்தது மலேசியாவில் அண்ணன் குடியிருந்த பண்டார் தெங்காராவில், ஒரே நாளில்.

அது சீடி காலம். அண்ணன் என்னோடு பேசி இரண்டு வருஷம் ஆகியிருந்தது. என் கல்யாணப் பத்திரிகையில் அவர் பெயர் தாய்மாமன் பெயருக்குக் கீழே வந்துவிட்டது; அதுதான் குற்றம். அச்சடித்தவனைத் திட்டியிருக்கலாம், என்னைப் பிடித்துக்கொண்டார். நானும் சளைத்தவள் இல்லை, வீம்பாகவே இருந்தேன். ஆனால் தீபாவளி வந்தால் போனை எடுத்து எடுத்து வைப்பேன்.

ஒருநாள் அண்ணி போன் செய்தார். கம்ப்யூட்டர் வைரஸ் பிடித்துப் படுத்துவிட்டதாம். அவர் பாடம் எடுக்கும் பாலர் பள்ளிக்கு வேலைத்தாள் அடிக்க முடியவில்லையாம். நான் போடும் இலவச லினக்ஸ் சிஸ்டத்தைப் போட்டுத்தர முடியுமா என்று கேட்டார். பின்னாலிருந்து அண்ணன் எடுத்துக்கொடுப்பது நன்றாகவே கேட்டது. இதை விட்டால் அவர் இன்னொரு முறை இறங்கி வரமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

லினக்ஸ் சீடியில் இரண்டு வகை. பெரியதில் எல்லாம் இருக்கும். சின்னதில் அடித்தளம் மட்டும்தான், மிச்சத்தை இன்டர்நெட்டிலிருந்து இழுத்துக்கொள்ளும். விவரம் தெரிந்தவர்கள் சின்னதைத்தான் எடுப்பார்கள் என்று இணையக் குழுவில் யாரோ எழுதியிருந்தார்கள். நான் விவரம் தெரிந்தவள் ஆயிற்றே! சின்னதை எடுத்துக்கொண்டு எங்கள் ஊர் மாசாயிலிருந்து மோட்டார் சைக்கிளில் கிளம்பினேன்.

அண்ணன் "வா" என்றதோடு சரி. பழையதை அழித்துவிட்டுப் புதியதைப் போட்டேன். பாதியில் அது இன்டர்நெட் கேட்டது. அவர் வீட்டு வரிசைக்கு இன்டர்நெட் லைனே வந்திருக்கவில்லை. கடைசியில் கறுப்புத் திரையும் சிமிட்டும் ஒரு கோடும்தான் மிஞ்சின. அவமானத்தில் அழுகை வந்தது.

"அண்ணே, தப்பான சீடியக் கொண்டாந்துட்டேன்."

அவர் கார் சாவியை எடுத்தார். கடைத்தெரு சைபர் கபேயில் பெரிய சீடியை இறக்க விட்டோம். மூன்று மணி நேரம் காட்டியது. பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தோம்.

முதல் ஒரு மணி நேரம் இருவரும் திரையையே பார்த்தோம். பிறகு, மாப்பிள்ளை வேலைக்கு இன்னும் சிங்கப்பூருக்குத்தான் போகிறாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். பத்திரிகையைப் பார்த்த அன்று சாப்பிடவே இல்லை என்று சொன்னார். அச்சுக்குப் போகுமுன் நான் அதைப் படித்துக்கூடப் பார்க்கவில்லை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அப்புறம் பேச்சு நிற்கவே இல்லை. அப்பாவின் குறட்டை வரைக்கும் போனது.

நடுவில் அண்ணன் நிமிர்ந்து திரையைப் பார்த்தார். இன்னும் எவ்வளவு நேரம் என்று கேட்டார். பத்து நிமிஷம் என்றேன்.

"இதவிடப் பெரிசு ஒன்னும் இல்லையா?"

அண்ணிக்கு வேண்டியதெல்லாம் இறங்கிக்கொண்டிருந்த பெரிய செட்டின் முதல் சீடியிலேயே இருந்தது.

"ரெண்டாவது சீடி இருக்குண்ணே," என்று சொல்லி அதையும் இறக்க விட்டேன்.